குறிப்புப் பத்தியில் ஒரு வரி

ஓய்வுபெற்ற நான் சென்ற மாதம் நம் கிளைக்கு வந்திருந்தபோது, கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க குடுத்த கடன்லயே ரொம்ப மோசமாப் போனது எது?" எல்லோரும் சிரித்தோம். நானும் ஏதோ ஒரு லாரிக் கடனைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொண்டேன். வீடு திரும்பிய பிறகு அந்த விடை எனக்கே நேர்மையானதாகப் படவில்லை. லாரிக் கடனில் நட்டப்பட்டது வங்கி. நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் வகையில்தான் வங்கியை அமைத்திருக்கிறார்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது, கருநீல மையில் என் கையால் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பற்றி. அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர். நேரில் சொல்லத் தவறியதை எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஒருவருடைய கடன் வரலாற்றைத் திரையில் பார்க்கிறீர்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் தம்முடைய வங்கியை விட்டு வேறொரு நிறுவனத்தில் கடன் கேட்டால், அந்த நிறுவனம் அவருடைய வங்கிக்கு இரகசியமாக ஒரு கடிதம் எழுதும். இவர் எப்படிப்பட்டவர், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா, இவரைப் பற்றி நீங்கள் அறிந்தது என்ன என்று கேட்கும். நாங்களும் இரகசியமாக மறுமொழி அனுப்புவோம். மறுமொழிக்கு ஆதாரம், கருத்துப் பதிவேடு என்று நாங்கள் அழைத்துவந்த ஒரு தடித்த புத்தகம். அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரிசை உண்டு. பெயர், தொழில், கடன் வரம்பு, நாங்கள் நேரில் பார்வையிட்ட தேதி, கடைசியாகக் 'குறிப்பு' என்றொரு பத்தி.

அந்தக் குறிப்புப் பத்தியை நிரப்புவதில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் அதை விதியாக எழுதிவைக்கவில்லை. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்ததை நானும் செய்தேன். குறை ஒன்றும் இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவோம். ஒழுங்கானவர்களைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே அந்தப் பத்தியில் எழுத்து இருந்தாலே கோளாறு இருக்கிறது என்று பொருள்.

எங்கள் கிளை மயிலாப்பூர்க் குளத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் ஏழுமலை என்பவர், ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில், மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோடையில் கிணறு வற்றி, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்து எரிந்துபோன வீட்டு மோட்டார்கள் அவருடைய வாசலில் வரிசையாகக் கிடக்கும். உள்ளே வார்னிஷ் வாடை. அவரும் அவருடைய மனைவி கன்னியம்மாவும் எதிரெதிரே அமர்ந்து செம்புக் கம்பியைச் சுற்றுவார்கள். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, யாரிடமோ வேலை கற்று, அப்போதே பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சந்திலேயே தொழில் செய்துவந்தவர். எங்களிடம் அவருக்கு ஒரு சிறிய கடன் வரம்பு இருந்தது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

ஆண்டுக்கொரு முறை அந்த வரம்பைப் புதுப்பிக்க, நான் கடையைப் பார்வையிட வேண்டும். அப்படிச் சென்ற ஒரு நாளில் கடை இருட்டாக இருந்தது. கன்னியம்மா கதவோரத்தில், வெளிச்சம் விழும் இடத்துக்கு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் கட்டா?" என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் கீது. எங்களுக்குத்தான் இல்ல," என்றார் கன்னியம்மா, தலை நிமிராமல். "மின்சார ஆபீஸ்ல வந்து ஃபீஸ் கட்டையப் புடுங்கிக்கினு போய்ட்டாங்க. இவரு நியாயம் பேசிக்கினுகிறாரு."

ஏழுமலை உள்ளிருந்து ஒரு கோப்புடன் வந்தார். இரண்டு மாதக் கட்டணம் வழக்கத்தைப் போல மும்மடங்கு வந்திருந்தது. மின்சாரத்தோடு பழகியே வயிறு வளர்க்கும் மனிதர். அதை அவர் நம்பவில்லை.

"நூறு வாட் பல்பு பத்து, மேடம். மத்ததெல்லாம் நிறுத்திட்டு, அந்தப் பத்த மட்டும் ஒரு மணி நேரம் எரிய வுட்டா ஒரு யூனிட் ஓடணும். இது மூணு ஓடுது. மூணு தபா போட்டுப் பாத்துட்டேன். மீட்டருக்குப் பைத்தியம் புட்ச்சிகீது."

மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் செலுத்தி, இரசீது வாங்கி வைத்திருந்தார். வழக்கமாக வரும் தொகையைக் கட்ட முயன்றபோது, முழுத் தொகைக்குக் குறைந்தால் வாங்க முடியாது என்று சாளரத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"முழுசையும் கட்டிட்டு அப்புறம் சண்டை போடக் கூடாதா?" என்றேன்.

"கட்டிட்டா ஒத்துக்கினா மாரி ஆய்டும் மேடம்."

அவர் எண்ணியது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். ஆட்சேபணையை எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கட்டியிருக்கலாம், அது ஒப்புக்கொள்வதாகாது. அன்று அதை எடுத்துச் சொல்லும் தெளிவு எனக்கு இல்லை. உங்களிடம் வரும் வாடிக்கையாளர்களுக்கு இதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் நான் சொல்ல வந்த பிழை அவருடையதன்று.

அவர் பேச்சை நான் முழுமையாக நம்பினேன். வரம்பைப் புதுப்பிக்கலாம் என்று பரிந்துரைத்தேன், புதுப்பித்தோம். அதன்பின் கருத்துப் பதிவேட்டைத் திறந்து, தேதியிட்டு, குறிப்புப் பத்தியில் ஒரு வாக்கியம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: 'மின் கட்டணம் செலுத்தாததால் கடையின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது.'

தகராறு, சோதனைக்குக் கொடுத்த விண்ணப்பம், அந்த இரசீது, இவற்றில் எதுவும் அதில் இல்லை. கட்டம் சிறியது என்று சாக்குச் சொல்லலாம். உண்மை வேறு. சுருக்கமாக எழுதுவதில் எனக்கு ஒரு தற்பெருமை இருந்தது. ஒரு சொல் மிகாமல் எழுதிவிட்டதாக நினைத்து, மையை ஒற்றி, புத்தகத்தை மூடினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனாலேயே அதை யாரும் சந்தேகிக்கவில்லை, நானும் சந்தேகிக்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து ஏழுமலை கிளைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"ஜெயிச்சிட்டோம் மேடம்!"

உறைக்குள் பகுதி மின் அலுவலகத்தின் கடிதம். மீட்டரைச் சோதித்ததில் அது அளவுக்கு மீறி ஓடியது உறுதியாகியிருந்தது. மீட்டரை மாற்றிவிட்டார்கள், மிகுதியாகக் கேட்ட தொகையைக் கழித்துவிட்டார்கள். நான் மகிழ்ச்சியோடு படித்தேன். எதிர் மேசைக்காரரிடமும் காட்டினேன். பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்து, "இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க," என்றேன்.

நான் பிழை செய்த இடம் எது என்று கேட்டால், முதலில் எழுதிய வாக்கியத்தைக் காட்டிலும் இதைத்தான் சொல்வேன். பதிவேடு என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து இரண்டாவது வரியை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல செய்தி குறிப்புப் பத்திக்கு உரியதல்ல என்பது எங்கள் வழக்கமல்லவா?

இரண்டு ஆண்டுகள் போயின. இடையில் வரம்பைப் புதுப்பித்தபோதும், புதிதாகக் குறை ஏதும் இல்லாததால் குறிப்புப் பத்தியை நான் பார்க்கவே இல்லை.

அந்தச் சந்தில் இருந்த கடைகளின் உரிமையாளர் எல்லாவற்றையும் விற்க முடிவு செய்தார். துணிக்கடை வைக்க ஒருவர் மொத்தமாகக் கேட்டார். ஆனாலும் பதினான்கு ஆண்டுப் பழக்கத்துக்காக, ஏழுமலையிடம் மட்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: பங்குனித் திருவிழா முடிவதற்குள் பணத்தோடு வந்தால் அந்தக் கடை உனக்கு, இல்லையென்றால் அவருக்கு. இடம் வாங்குவதற்கான கடனை எங்கள் கிளை அப்போது கொடுப்பதில்லை. நானே அவரைத் தியாகராய நகரில் இருந்த ஒரு வங்கிக்கு அனுப்பினேன். "உங்க கணக்கு சுத்தமா இருக்கு. கண்டிப்பாக் கிடைக்கும்," என்றேன்.

கிடைக்கவில்லை. கிண்டியில் ஒரு நிதி நிறுவனத்திடம் போனார். அங்கும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் காரணம் சொல்லவில்லை. மூன்றாவதாக அடையாற்றில் ஒரு நிறுவனத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை முற்பகல் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். திருவிழா முடிய ஒன்பது நாள் இருந்தது.

"எம் பேர்ல இன்னா கீது, மேடம்?"

"என்ன இருக்கும்? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லன்னா ஏன் தள்ளிவுடறாங்க? ஃபாரத்தப் பாத்துச் சிரிச்சிக்கினே வாங்கறாங்க. பத்து நாளு கய்ச்சிப் போனா, மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிறாங்க."

"ஒவ்வொரு வங்கிக்கும் ஆயிரம் காரணம் இருக்கும், ஏழுமலை."

"ஆயிரம் வேணாம் மேடம். ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

கிளையின் தட்டச்சர் வைதேகி என் வயதினர். கிழக்கு மாடவீதியில் பிறந்து, அங்கேயே மணமாகி இருந்தவர். இரகசியக் கடிதங்கள் எல்லாம் அவர் கையால் அடிக்கப்பட்டு, மேலாளரின் கையெழுத்தோடு வெளியே போகும். அவை என் மேசைக்குத் திரும்பி வருவதில்லை. ஏழுமலை படியிறங்கியதும் வைதேகி தம் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார்.

"இப்போ வந்துட்டுப் போனாரே, மோட்டார்க் கடைக்காரர், அவர் பேரு ஏழுமலைதானே?"

"ஆமா."

"எனக்கு என்னமோ மனசு கேக்கலை. அவரைப் பத்தி ரெண்டு லெட்டர் அடிச்சு அனுப்பிச்சாச்சு. மூணாவது இப்போ மெஷின்லயே இருக்கு. அடையாறுலேர்ந்து கேட்டிருக்கா. ரிஜிஸ்தர்ல இருக்கறதை அப்படியே அடிக்கட்டுமா?"

"என்ன இருக்கு ரிஜிஸ்தர்ல?"

அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்தார். "நீங்க எழுதினதுதானே?"

தட்டச்சுப் பொறிக்குள் செருகியிருந்த தாளைப் போய்ப் பார்த்தேன். பதிவேட்டில் நான் எழுதிய வாக்கியம் அப்படியே அங்கே இருந்தது. ஆனால் பதிவேட்டில் அதன் பக்கத்தில் இருந்த தேதி இல்லை. அச்சடித்த மறுமொழிப் படிவத்தில் 'குறிப்பு' என்பதற்கு இடம் விட்டிருந்தார்கள். பார்வையிட்ட தேதிக்கு இடம் விடவில்லை. இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாளின் இருட்டு, தேதியை இழந்து, இன்றைய இருட்டாகத் தியாகராய நகருக்கும் கிண்டிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மின் கட்டணத்தையே கட்ட முடியாமல், விளக்கு இல்லாமல் கிடக்கும் கடைக்காரருக்கு இடம் வாங்க யார் கடன் கொடுப்பார்கள்? அவர்கள் இடத்தில் நானிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

வைதேகி குரலைத் தாழ்த்தினார். "நான் வேணும்னா அந்த இடத்தை அடிக்காம வெறுமனே விட்டுடறேன். யாருக்குத் தெரியப் போறது?"

அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கதை அங்கே முடிந்திருக்கும். ஒருவேளை நன்றாகவும் முடிந்திருக்கும். அதை ஏன் செய்யவில்லை என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். பாதியை விட்டுவிட்டு எழுதியதால் வந்த வினை அது. மறுபாதியையும் விட்டுவிடுவதால் அது தீரும் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை. பதிவேட்டில் வரி இருக்கும்; நாளை நான் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவர் அதைப் பார்த்து அடிக்கச் சொல்வார். மேலும், ஏற்கெனவே போன இரண்டு கடிதங்கள் இரண்டு கோப்புகளுக்குள் உயிரோடு இருந்தன. தாளைப் பொறியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

மேலாளர் கெட்டவரல்லர். எதற்கும் அவசரப்படாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அடையாறு லெட்டரை மாத்தி அனுப்புங்க. தேதி போடுங்க, தகராறுன்னு போடுங்க, முடிஞ்சதுன்னு போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா முன்னாடி போன ரெண்டுக்கும் நாமளா திருத்தம் அனுப்பணும்னு சொல்றீங்க பாருங்க, அது வேற விஷயம். இதுவரைக்கும் யாரும் அப்படி அனுப்பினது கிடையாது. நாம தப்புப் பண்ணிட்டோம்னு நாமளே எழுதிக் கொடுக்கற மாதிரி."

"தப்பு நம்முடையதுதானே, சார்?"

"உங்களுடையது," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஒரு பொருளை உரியவரிடம் சேர்ப்பது போல் சொன்னார்.

"அப்படின்னா என் பேரைப் போட்டே எழுதறேன்."

அவர் கண்ணாடியை எடுத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்த மின்சார ஆபீஸ் லெட்டரோட நகல் இருக்கா? வெறும் வாய்வார்த்தைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொண்ணு, என்ன எழுதியிருந்தோம்னு அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. ரகசியம்னா ரகசியம்," என்றார்.

நகல் இல்லை. மூலத்தைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேனே.

உச்சி வெயிலில் நடந்தே போனேன். திருவிழாவுக்காக வீதியோரங்களில் நீர்மோர்ப் பந்தல்களுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையின் கடையில் மின்விசிறி சுழன்றது, குழல்விளக்கு எரிந்தது. கணவனும் மனைவியும் வழக்கம்போல் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள்.

"அந்த மீட்டர் லெட்டர் வேணும், ஏழுமலை. இப்பவே."

அவர் சுவரைக் காட்டினார். முருகன் படத்துக்கும் அங்காளம்மன் படத்துக்கும் நடுவில், கண்ணாடி போட்டு, நான்கு பக்கமும் ஆணியடித்து, அந்தக் கடிதம் தொங்கியது. அதற்கும் ஒரு சரம் கதம்பம் சாத்தியிருந்தது.

"நீங்கதான பத்திரமா வெச்சிக்கச் சொன்னீங்க?" என்றார்.

"அதக் கய்ட்டணுமா? இன்னாத்துக்கு?" என்று கேட்டார் கன்னியம்மா.

இளைய நண்பர்களே, இங்கே சற்று நிற்கிறேன். மேலாளர் சொன்னது சரியான விதி. இரகசியக் கருத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கக் கூடாது. அந்த விதி இல்லாவிட்டால் எந்த வங்கியும் இன்னொரு வங்கிக்கு உண்மையைச் சொல்லாது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஏழுமலை கேட்ட கேள்வி காலையிலிருந்து என் காதில் இருந்தது. ஆயிரம் வேண்டாம், ஒன்று சொல்லுங்கள் என்றார். அந்த ஒன்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் 'ஒரு நடைமுறைக்காகத் தேவைப்படுகிறது' என்று சொல்லி அவருடைய சுவரிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனால், அவர் வாழ்நாள் முழுவதும் தம்மிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருப்பார். விதி காப்பது வங்கிகளுக்கு இடையிலான நம்பிக்கையை. நான் எழுதிய வாக்கியம் என்னுடையது. என்னுடையதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். அது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. உங்களை அப்படிச் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

"அன்னிக்கு இங்க இருட்டா இருந்தப்ப நான் பார்த்துட்டுப் போனேன் இல்லையா? அதை ஒரு புஸ்தகத்துல எழுதி வெச்சேன். நீங்க ஜெயிச்சதை எழுதலை. கடன் கேட்ட இடத்துக்கெல்லாம் அதுதான் போயிருக்கு."

"இன்னா எழுதினீங்க?" என்றார் ஏழுமலை.

சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இம்மாத்தூண்டு ஒரு வரி," என்றார். கையிலிருந்த செம்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுக்காவா மூணு மாசமா நாயா அலைஞ்சிக்கினுகிறேன்?"

கன்னியம்மா எழுந்து நின்றார். "ஃபீஸப் புடுங்கினவன் தப்புன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்து மாட்டிட்டுப் போனான். நீங்க புடுங்கினத இத்தினி நாளா மாட்டவே இல்லியே, மேடம்."

ஏழுமலைதான், "சும்மாரு," என்று அவரைக் கையமர்த்திவிட்டு, குறடு எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சரத்தை எடுத்து முருகன் படத்தின்மேல் போட்டார். கடிதத்தை உருவும்போது ஓர் ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. எழுத்துக்குச் சேதமில்லை.

அன்று பிற்பகலே கருத்துப் பதிவேட்டைத் திறந்தேன். எழுதியதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. அந்த விதி நல்ல விதி. பழைய வரிக்குக் கீழே, கட்டத்தை மீறி, அடுத்த வாடிக்கையாளரின் இடத்தையும் எடுத்துக்கொண்டு எழுதினேன். 'மேற்கண்ட குறிப்பு முழுமையற்றது. கட்டணம் தகராறில் இருந்தது. வாடிக்கையாளர் உரிய முறையில் முறையிட்டிருந்தார். சோதனையில் மீட்டர் பழுது என்று உறுதியானது. இப்போது நிலுவை ஏதுமில்லை. இவற்றைப் பதியாதது என் தவறு.' கையெழுத்திட்டேன். வைதேகி மூன்று கடிதங்களையும் அடித்து முடிக்கும்வரை வீட்டுக்குப் போகவில்லை. மேலாளர் மூன்றையும் இரண்டு முறை படித்தார், மூன்றிலும் கையெழுத்திட்டார். நான் கடைக்குப் போய்ச் சொன்னதை அவரிடம் மறைக்கவில்லை. "அதை நான் கேட்டதா வெச்சுக்க மாட்டேன்," என்றார். அத்தோடு விட்டது அவருடைய பெருந்தன்மை.

மறுநாள் விடுப்பு எடுத்து, மூன்று கடிதங்களையும் மின் அலுவலகக் கடிதத்தின் மூலத்தையும் நானே கொண்டுபோனேன். தியாகராய நகரில் இருந்த அலுவலர் படித்துவிட்டுத் தலையசைத்தார். "நீங்க வந்து சொல்றது நல்ல விஷயம்தான் மேடம். ஆனா அந்த ஃபைலை மூடியாச்சு. வேணும்னா புதுசா அப்ளை பண்ணச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எங்கயாவது நிராகரிச்சாங்களான்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கும். அதுக்கு ஆமான்னுதான் எழுதணும்." கிண்டியிலும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். எங்கள் வரியால் நிராகரிக்கப்பட்டார். இனி நிராகரிக்கப்பட்டவர் என்பதாலேயே நிராகரிக்கப்படுவார். வரி தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. அதைத் திருத்துவதால் அதன் பிள்ளைகளைத் திருத்த முடியாது.

அடையாற்றில் மட்டும் கோப்பு திறந்திருந்தது. அங்கிருந்த பெண் அலுவலர் மின் அலுவலகக் கடிதத்தின் கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன, கண்ணாடிக்குள்ள இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அந்த வாரமே கடனுக்குப் பரிந்துரைத்தார். ஆனால் பரிந்துரைக்குப் பிறகும் வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, மேலிடத்து ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாட்கள் உண்டு. திருவிழா முடிந்தது. உரிமையாளர் இரண்டு நாள் கூடுதலாகப் பொறுத்தார்; மூன்றாம் நாள் துணிக்கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். ஒப்புதல் அதற்கடுத்த வாரம் வந்தது.

அந்தக் கடனை வைத்து ஏழுமலை வேளச்சேரிக்கு அப்பால், அப்போது பாதி ஏரியாகவும் பாதி வீட்டுமனையாகவும் இருந்த ஓரிடத்தில் ஒரு கடை வாங்கினார். சொந்தக் கடைதான். ஆனால் பதினான்கு ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் மயிலாப்பூரில் இருந்தார்கள். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரிக்கு யார் போவார்கள்? முதல் ஆண்டில் அவருடைய கணக்கில் வரவு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் எந்தத் தவணையும் தவறவில்லை.

உங்கள் திரையில் இப்போது 'தகராறில் உள்ளது' என்று குறிக்க ஓர் இடம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு தொலைபேசிக் கட்டணம், ஒரு மின் கட்டணம், ஒரு கடன் அட்டைப் பாக்கி, எதுவாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பிவிட்டு நகருங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று. தகராறு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து காகிதத்தை நீட்டும்போது, வாழ்த்துச் சொல்வதற்கு முன் பதிவைத் திறங்கள். வாழ்த்து பிறகு சொல்லலாம். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

அடுத்த ஆண்டு வரம்பைப் புதுப்பிக்க மீண்டும் கடையைப் பார்வையிட வேண்டியிருந்தது. வேறொருவரை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். இறங்கிய இடத்திலிருந்து மண் சாலையில் அரைமணி நடை. என்னைத் தொலைவிலேயே கண்டுவிட்டார் ஏழுமலை. நான் வாசலை அடைவதற்குள் எழுந்து உள்ளே போனார். பட்டப்பகல், வெயில் கடைக்குள் பாதிவரை விழுந்திருந்தது. அவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். குழல்விளக்கு, சுவாமி படத்துக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு, சோதனைக்கு வைத்திருந்த நூறு வாட் பல்புகள் பத்தும் எரிந்தன. கன்னியம்மா முக்காலியிலிருந்து எழவில்லை. கம்பி சுற்றும் கையை மட்டும் நிறுத்தியிருந்தார்.

"லைட்டு எரியுது, மேடம்," என்றார் ஏழுமலை. "மொதல்ல இத எழுதிக்கோங்க. அப்பறமா உள்ள வாங்க."

வாசலிலேயே நின்று எழுதினேன். தேதியும் போட்டேன்.